கிரான் டூரிஸ்மோ 7: சுகுபாவில் சிவிக் ஈகே9 திரும்ப மறுத்தால் எங்கே கை வைப்பது?

கிரான் டூரிஸ்மோ 7 கார்ப் பந்தய வீடியோ கேமில் ஃப்ரண்ட் வீல் டிரைவ் (முன் சக்கரங்களே இழுக்கும்) வண்டியை டியூன் செய்தவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: மூக்கு வளைவுக்கு வெளியே போகிறது (அண்டர்ஸ்டியர்). ஆனால் அந்த ஒரு புகாருக்குப் பின்னால் குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றை மோசமாக்கும். அதனால் செட்டிங் திரையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: மூக்கு வெளியே போன அந்த நொடியில் உங்கள் கால் பிரேக்கில் இருந்ததா, ஆக்சிலரேட்டரில் இருந்ததா, இரண்டிலும் இல்லாமல் இருந்ததா? கீழே உள்ள வழிமுறை முழுவதும் அந்தப் பதிலை வைத்துத்தான் பிரிகிறது.

எடுத்துக்கொண்ட வண்டி ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஈகே (ஈகே9). 1.6 லிட்டர் பி16பி எஞ்சின், நிமிடத்துக்கு 8200 சுற்றில் 185 பிஎஸ் (குதிரைத்திறன்), டர்போ கிடையாது. டிராக் ஜப்பானின் இபராகி மாகாணத்தில் உள்ள சுகுபா. ஒரு சுற்று 2 கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். இரண்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒரு எஸ் வளைவு, டன்லப் வளைவு, பின்புற நேர்பாதை, கடைசியில் நீண்ட வலது வளைவு என ஃப்ரண்ட் வீல் டிரைவின் எல்லாப் பலவீனங்களையும் ஒரே சுற்றில் காட்டிவிடும். சோதனைக்கு இதைவிட நல்ல இடம் விளையாட்டில் இல்லை என்பது என் கருத்து.

முதலில் அடிப்படைத் தாள்

எஞ்சினை 220லிருந்து 235 பிஎஸ்ஸுக்குள் நிறுத்துங்கள். ரேசிங் ஏர் ஃபில்டர், ரேசிங் எக்ஸாஸ்ட், மேனிஃபோல்ட், முழுதும் மாற்றக்கூடிய ஈசியு (எஞ்சினின் கணினி), ஹை லிஃப்ட் கேம் ஷாஃப்ட் ஆகியவை போதும். எடை 950 கிலோவை ஒட்டி வரும்வரை குறையுங்கள். டர்போ வேண்டாம். கொண்டை ஊசியிலிருந்து வெளியேறும்போது திடீரென்று வரும் டார்க்கை (சுழற்று விசையை) இந்த வண்டியின் முன் டயர்களால் தாங்க முடியாது. முன்னும் பின்னும் ஸ்போர்ட்ஸ் மீடியம் டயர். முழுதும் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன், எல்.எஸ்.டி. (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் டிஃபரன்ஷியலை ஓரளவு பூட்டும் பாகம்), கியர்பாக்ஸ், பிரேக் பேலன்ஸ் கன்ட்ரோலர் நான்கும் கட்டாயம்.

தொடக்க அளவுகள்:

- உயரம்: குறைந்தபட்ச அளவிலிருந்து 15 மி.மீ. மேலே, முன்னும் பின்னும் சமமாக
- ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி): முன் 3, பின் 7
- டேம்பிங் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது): அமுக்கம் 30, விரிவு 40, இரண்டு பக்கமும்
- ஸ்பிரிங் அதிர்வெண்: முன் 2.30, பின் 2.70 ஹெர்ட்ஸ்
- கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும் கோணம்): முன் 2.0, பின் 1.0
- டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்): முன் 0, பின் உள்நோக்கி 0.10
- முன் எல்.எஸ்.டி.: தொடக்க டார்க் 8, ஆக்சிலரேஷன் 25, பிரேக்கிங் 10
- பிரேக் பேலன்ஸ் 0, டிசிஎஸ் (சக்கரம் வெறுமனே சுழல்வதைத் தடுப்பது) 0, ஏபிஎஸ் டிஃபால்ட்

இதை விளையாட்டில் ஒரு செட்டிங் தாளில் சேமித்து, அதில் கை வைக்காமல் நகலெடுத்து மாற்றங்களைச் செய்யுங்கள். எங்கேயாவது குழம்பிப்போனால் திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

சோதனையை டைம் டிரையலில் (தனியாக ஓட்டி நேரம் பார்க்கும் முறையில்) செய்வது நல்லது. காய்ந்த தரை, எப்போதும் பகலில் ஒரே நேரம். முதல் சுற்றை எண்ணாதீர்கள். அதற்குப் பிறகு ஐந்து சுற்று ஓட்டி, நடுவில் விழும் நேரத்தை எடுங்கள். மிகச் சிறந்த நேரத்தை வைத்து முடிவு செய்தால், அன்று கை நன்றாக வந்ததா செட்டிங் நன்றாக வந்ததா என்று தெரியாமல் போகும். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றி வண்டி வேகமானால், எது வேலை செய்தது என்பதும் ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததா என்பதும் தெரியாது.

அறிகுறி 1: பிரேக்கை அழுத்தியபடி திரும்பும்போது மூக்கு நேராகவே போகிறது

இது முதல் வளைவிலும் இரண்டாம் கொண்டை ஊசியிலும் தெரியும். கால் பிரேக்கில் இருக்கிறது, ஸ்டீயரிங் முழுதும் திரும்பியிருக்கிறது, வண்டி மட்டும் திரும்பவில்லை. திரையின் கீழே முன் டயர் குறியீடுகள் சிவக்கும். டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் வைத்திருந்தால் பிரேக்குக்கான எல்2 பொத்தான் விரலுக்குக் கீழே படபடவென்று அதிரும். ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அந்த அதிர்வுதான் முக்கியத் தடயம். டயரின் பிடிமானம் ஒரு பையில் இருக்கிற பணம் மாதிரி. மொத்தத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமில்லை. ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் பக்கவாட்டுப் பிடிமானத்தைத் திருப்பித் தராது.

முதலில் செட்டிங்கைத் தொடாமல் சோதியுங்கள். நேராக இருக்கும்போது முழு பிரேக், ஸ்டீயரிங் திரும்பத் தொடங்கியதும் எல்2 விரலைப் படிப்படியாகத் தளர்த்தி, வளைவின் உள்முனையைத் தொடுவதற்குச் சற்று முன் முழுதும் விடுங்கள். இப்படிச் செய்தால் மூக்கு உள்ளே வந்துவிடுகிறது என்றால் வண்டியில் குறையில்லை.

வராவிட்டால் இந்த வரிசையில் போங்கள். பிரேக் பேலன்ஸை பின்பக்கம் 1, பிறகு 2. அது கூட்டல் குறிப் பக்கம், ஓடும்போதே திரையில் மாற்றலாம். அடுத்து எல்.எஸ்.டி. பிரேக்கிங் அளவை 10லிருந்து 5க்கு இறக்குங்கள். இந்த எண் அதிகமாக இருந்தால், ஆக்சிலரேட்டரை விட்டதும் இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்க டிஃபரன்ஷியல் முயலும். திரும்பும் வண்டியில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதை விடாவிட்டால் மூக்கு நேராகத்தான் போகும். தொடக்க டார்க்கும் இதே கதை. 10க்கு மேல் வைக்கக் காரணமே இல்லை. கடைசியாக முன் டோவை வெளிநோக்கி 0.05லிருந்து 0.10 வரை. அதற்கு மேல் போனால் நேர்பாதையில் வண்டி அலைபாயும்.

அறிகுறி 2: பிரேக்கும் இல்லை, ஆக்சிலரேட்டரும் இல்லை, வளைவின் நடுவில் வண்டி விரிந்துகொண்டே போகிறது

இதுதான் உண்மையான சஸ்பென்ஷன் குறை. கடைசி வளைவில் ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் லேசாகப் பிடித்துக்கொண்டு சோதிக்கலாம்.

ஃப்ரண்ட் வீல் டிரைவில் பின்பக்கத்தை ஏன் கடினமாக்குகிறோம் என்பது இங்கே புரிய வேண்டும். வளைவில் எடை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு நகர்கிறது. ஸ்பிரிங்கையும் ஆன்ட்டி ரோல் பாரையும் வைத்து மொத்த அளவை மாற்ற முடியாது. ஆனால் அதில் எவ்வளவு முன் அச்சில், எவ்வளவு பின் அச்சில் நகர வேண்டும் என்பதை ஸ்பிரிங்கும் ஆன்ட்டி ரோல் பாரும் தீர்மானிக்கின்றன. கடினமான பக்கம் அதிகப் பங்கை ஏற்கும். பின்பக்கத்தைக் கடினமாக்கினால் பின் அச்சு அந்தச் சுமையை எடுத்துக்கொள்ளும். முன்னால் இரண்டு டயர்களும் ஓரளவு சமமாகத் தரையில் பதிந்திருக்கும். சமமாகப் பதிந்த இரண்டு டயர்களுக்கு, ஒன்று நசுங்கி மற்றொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இரண்டு டயர்களைவிடப் பிடிமானம் அதிகம். ரீப்ளேயில் உள்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து எழும்புவதைப் பார்த்தால் பயப்படாதீர்கள். நன்றாக அமைந்த ஃப்ரண்ட் வீல் டிரைவ் பந்தய வண்டிகள் அப்படித்தான் வளையும்.

பின் ஆன்ட்டி ரோல் பாரை 7லிருந்து 8, 9 என்று ஏற்றுங்கள். போதவில்லையென்றால் முன் பாரை 3லிருந்து 2. அதன் பிறகுதான் ஸ்பிரிங்: பின்னால் 0.10 ஹெர்ட்ஸ் படிகளில், 3.00 வரை. பின் டோவை 0.10லிருந்து 0க்குக் கொண்டுவந்தாலும் வண்டி சுறுசுறுப்பாகும். ஆனால் வெளிநோக்கி வைப்பதைத் தவிர்ப்பது நல்லது, காரணம் அறிகுறி 5ல் வருகிறது.

முன் கேம்பரை 2.0லிருந்து 2.5 வரை ஏற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் பிரேக்கிங் தூரம் நீளும். பிரேக்கில் இழப்பதை வளைவில் மீட்டால்தான் லாபம், சுகுபாவில் பெரும்பாலும் மீட்க முடியாது.

ஒரு துணைக்கேள்வி: கொண்டை ஊசிகளில் வண்டி நன்றாகத் திரும்புகிறது, கடைசி வளைவில் மட்டும் மூக்கு விரிகிறதா? அப்படியென்றால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு இறக்கையைப் பாருங்கள். கஸ்டம் விங் மாட்டிப் பின்பக்க டவுன்ஃபோர்ஸை (காற்று வண்டியைக் கீழே அழுத்தும் விசையை) உச்சத்தில் வைத்திருப்பீர்கள். வேகம் கூடக் கூட அது பின் டயர்களைத் தரையில் அழுத்தும், முன் டயர்களுக்கு அந்த உதவி கிடைக்காது. குறைந்தபட்சத்துக்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

அறிகுறி 3: ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை

முதல் கொண்டை ஊசி இடது வளைவு. அங்கிருந்து வெளியேறும்போது உள்பக்க முன்சக்கரம் (இடது) லேசாகிவிடுகிறது. எதிர்ப்பு குறைந்த வழியில் சக்தி போய்விடும்: அந்தச் சக்கரம் மட்டும் சுழலும், சுற்றுமானி முள் துள்ளும், வேகம் ஏறாது. அடையாளம் எளிது. டயர் குறியீட்டில் ஒரே ஒரு முன் டயர் மட்டும் சிவக்கும்.

மருந்து: எல்.எஸ்.டி. ஆக்சிலரேஷன் அளவை 5 படியாக ஏற்றுங்கள், 25, 30, 35. இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கத் தொடங்கும். முன் ஆன்ட்டி ரோல் பாரை ஒரு படி குறைப்பதும் உள்சக்கரத்தைத் தரையில் வைத்திருக்க உதவும்.

டிசிஎஸ்ஸை 1ல் வைத்தால் இந்த அறிகுறி மறைந்த மாதிரி தோன்றும். மறைவது அறிகுறிதான். சுழலும் சக்கரத்துக்காக எஞ்சின் சக்தியையே வெட்டுவதால் நேரம் போகும். சோதனை முடியும்வரை 0லேயே இருக்கட்டும்.

அறிகுறி 4: ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி இழுக்கிறது, ஆனால் வெளி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது

இது அறிகுறி 3ன் எதிர்முனை. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்து எல்.எஸ்.டி.யை 50, 60 என்று ஏற்றிவிடுகிறார்கள். இப்போது இரண்டு முன் டயர்களும் சேர்ந்து சிவக்கும். டிஃபரன்ஷியல் அதிகமாகப் பூட்டிக்கொண்டதால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்று வண்டியை நேர்கோட்டில் தள்ளுகின்றன. ஆக்சிலரேஷன் அளவை 5 படியாக இறக்குங்கள். ஒரு டயர் சிவப்பதற்கும் இரண்டு சிவப்பதற்கும் நடுவில் உள்ள எண்தான் உங்கள் எண். இந்தப் பவரில், ஸ்போர்ட்ஸ் மீடியத்தில், அது பெரும்பாலும் 22க்கும் 32க்கும் இடையில் விழும். ஸ்டீயரிங் வீல் வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: கை சட்டென்று லேசாகிவிடும். முன் டயர்கள் வழுக்கும்போது வீலில் வரும் எதிர்விசை குறைவதுதான் காரணம்.

எல்.எஸ்.டி. எந்த எண்ணிலும் சரியாகவில்லையா? எஞ்சின் சக்தியைக் குறைக்கும் பவர் ரெஸ்ட்ரிக்டரை 90 சதவீதத்துக்கு இறக்கி ஐந்து சுற்று ஓட்டுங்கள். நேரம் ஏறத்தாழ மாறவில்லையென்றால், அந்தப் பத்து சதவீதச் சக்தி முழுவதும் டயர் புகையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரச்சினை எஞ்சினில் இல்லை, டயரில். ஒன்று ஸ்போர்ட்ஸ் சாஃப்ட்டுக்கு மாறுங்கள், அல்லது அந்தச் சக்தியை விட்டுவிடுங்கள். கூடுதல் குதிரைத்திறன் வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை இது. காசும் மிச்சம்.

அறிகுறி 5: காலை எடுத்ததும் பின்பக்கம் சுழல்கிறது

டன்லப் வளைவுக்குப் பிறகு டிராக் இடதுபக்கம் வளைந்து இரண்டாம் கொண்டை ஊசியை நோக்கிப் போகும். அங்கே ஸ்டீயரிங் இன்னும் முழுதாக நேராகாத நிலையில் பிரேக் போட வேண்டும். அறிகுறி 1, 2க்குச் செய்த எல்லா மாற்றங்களுக்கும் இங்கேதான் கணக்குக் கேட்கப்படும். காலை எடுத்ததும் எடை முன்னால் ஓடும். பின் டயர்கள் லேசாகும். கடினமான பின் பார், பின்னுக்குத் தள்ளிய பிரேக் பேலன்ஸ், 5க்கு இறக்கிய எல்.எஸ்.டி. பிரேக்கிங், மூன்றும் சேர்ந்தால் பின்பக்கம் நிற்காது.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் பிரேக் பேலன்ஸை ஒரு படி முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு எல்.எஸ்.டி. பிரேக்கிங்கை 5லிருந்து 12, 15 என்று ஏற்றுங்கள். அதன் பிறகு பின் டோவை உள்நோக்கி 0.10. பின் பாரைக் கடைசியாகத் தொடுங்கள், ஏனென்றால் வளைவின் நடுவில் வண்டி திரும்புவது அதன் தயவால்தான்.

சுழலத் தொடங்கிய பின் காப்பாற்றும் வழி ஃப்ரண்ட் வீல் டிரைவில் வேறு. ஆர்2வை (ஆக்சிலரேட்டரை) அழுத்துங்கள். எடை பின்னால் வரும், முன் சக்கரங்கள் வண்டியை நேராக்கி இழுக்கும். பயந்து பிரேக்கை மிதித்தால் சுழற்சி முழுதாகிவிடும்.

முன்னால் சாஃப்ட், பின்னால் மீடியம் என்று டயரைக் கலந்து போடுவதும் வண்டியைத் திருப்பும். ஒரு சுற்று நேரத்துக்கு அது லாபமாகலாம். ஆனால் இந்த இடதுபக்கப் பிரேக்கிங்கில் அதைக் கட்டுப்படுத்த நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

அறிகுறி 6: வெளியேறும்போது எஞ்சின் மூச்சுவாங்குகிறது

சக்கரமும் சுழலவில்லை, மூக்கும் சரியாக இருக்கிறது, ஆனால் வண்டி எழவில்லை. இது கியர் விகிதம். இந்த எஞ்சினின் உயிர் 6000 சுற்றுக்கு மேலே இருக்கிறது, உச்ச டார்க்கே 7500ல்தான். மாற்றாத வண்டியில் 2ஆம் கியர் 2.105, 3ஆம் கியர் 1.458, 4ஆம் கியர் 1.107, ஃபைனல் 4.400. 8200ல் 2லிருந்து 3க்கு மாற்றினால் முள் ஏறத்தாழ 5680க்கு விழும். எஞ்சின் அதிவேகக் கேமுக்கு மாறும் இடத்துக்குக் கீழே போய்விடுகிறது, அது மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

3ஆம் கியரை 1.580, 4ஆம் கியரை 1.200 என்று வையுங்கள். 2லிருந்து 3க்கு மாறும்போது முள் 6150 அருகே நிற்கும், 3லிருந்து 4க்கு 6230 அருகே. மாற்றாத டயர் அளவில் 4ஆம் கியர் 8200 சுற்றில் மணிக்கு சுமார் 174 கி.மீ. தரும். பின்புற நேர்பாதையின் முடிவில் எஞ்சின் சுற்று வரம்பில் (ரெவ் லிமிட்டர்) முட்டினால் ஃபைனலை 4.300க்கு இறக்குங்கள். கேம் ஷாஃப்ட் மாற்றியிருந்தால் வளைகோடு மேலே நகர்ந்திருக்கும். செட்டிங் திரையில் உள்ள பவர் வரைபடத்தைப் பார்த்து எண்களைத் திருத்துங்கள். கொண்டை ஊசியில் 60 கி.மீ. வேகத்தில் 2ஆம் கியர் சுமார் 5000 சுற்றில்தான் இருக்கும். அங்கே 1ஆம் கியருக்கு இறங்கத் தோன்றும். வேண்டாம், அறிகுறி 3 உடனே திரும்பி வரும். 2ஆம் கியரை 2.200 வரை நெருக்கலாம்.

அறிகுறி 7: எஸ் வளைவின் ஓரக்கற்களில் முன்பக்கம் குதிக்கிறது

முதலில் உயரம் 10 மி.மீ. கூட. வண்டி அடிவரை அமுங்கி முட்டினால் எந்த டேம்பரும் காப்பாற்றாது. பிறகு அமுக்க டேம்பிங்கை 30லிருந்து 26. ஒரு குதிப்புக்குப் பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தால் விரிவு டேம்பிங்கை 43 வரை ஏற்றுங்கள். டேம்பிங்கை வைத்து அண்டர்ஸ்டியரைத் தீர்க்க முயல வேண்டாம்.

அறிகுறி 8: முதல் மூன்று சுற்று நன்றாக இருக்கிறது, பிறகு முன்பக்கம் கரைந்துபோகிறது

டைம் டிரையலில் இது தெரியாது. கஸ்டம் ரேஸில் டயர் தேய்மானத்தை இயக்கிப் பத்துச் சுற்று ஓட்டுங்கள். திருப்புவது, இழுப்பது, பிரேக்கில் பெரும்பங்கு என மூன்று வேலையும் முன் டயர்கள்தான் செய்கின்றன. பின் டயர்கள் கிட்டத்தட்டப் புதிதாக இருக்கும்போதே முன் டயர்கள் தீர்ந்துவிடும். பந்தயத்துக்குத் தனித் தாள் வையுங்கள்: முன் கேம்பர் 1.5, முன் டோ 0, எல்.எஸ்.டி. ஆக்சிலரேஷன் 3 படி குறைவு, பிரேக் பேலன்ஸ் பின்பக்கம் 1. சுகுபாவில் வலது வளைவுகள் அதிகம், கடைசி வளைவு மிக நீளம். அதனால் முதலில் தேய்வது இடது முன் டயர். அதன் பட்டை வலதைவிட வேகமாக இறங்குவது இயல்பு. இரண்டும் சம வேகத்தில் இறங்கினால் சக்கரங்கள் நேர்பாதையில் சுழல்கின்றன, அறிகுறி 4க்குப் போங்கள்.

அறிகுறி 9: எதையும் மாற்றவில்லை, ஆனால் வண்டி மெதுவாகிவிட்டது

விளையாட்டின் பராமரிப்புக் கூடமான ஜிடி ஆட்டோவில் ஆயில் மாற்றுங்கள். ஓட்டிய தூரம் கூடக் கூட ஆயில் அழுக்காகி பவர் எண் இறங்கும், ஆயில் மாற்றிய பிறகும் முழுதாகத் திரும்பவில்லையென்றால் எஞ்சின் ஓவர்ஹால். நீண்ட தூரம் ஓடிய வண்டியில் பாடியின் உறுதியும் குறையும், அதைச் சரிசெய்யும் வசதியும் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பவர் எண்ணைத் தாளின் பெயரோடு குறித்துவைத்தால் இந்தக் குழப்பமே வராது.

பழைய தாளை எடுத்து ஓட்டும்போது வண்டி வேறு மாதிரி நடந்துகொண்டால் தேதியைப் பாருங்கள். 2024 ஜூலையில் வந்த 1.49 பதிப்பு சஸ்பென்ஷன், டயர் கணக்கீட்டை மாற்றியது. அதற்கு முந்தைய தாள்களில் ஸ்பிரிங், உயரம், டேம்பிங் எண்கள் இனி நம்பத் தகுந்தவை அல்ல. எல்.எஸ்.டி., கியர் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை மேலே உள்ள அடிப்படைத் தாளிலிருந்து தொடங்குங்கள்.